வாடகைக் குளிர் அறையில் இருந்த இறால் பெட்டிகள்

என் பெயர் கொண்டவீட்டி ஹைமாவதி, வயது 34, விசாகப்பட்டினம் காஞ்சரபாலெம். இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பகுப்பாய்வு வேலை பார்த்து வருகிறேன். இன்று சனிக்கிழமை காவல் ஆய்வாளராகிய தங்கள் முன்னிலையில் யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது:

எங்கள் நிறுவனத்தில் எல்லாருடைய அறிக்கைகளும் டேட்டா மாடல் என்ற ஒரே பொதுக் கணக்குக் கோப்பிலிருந்துதான் எண்களை எடுக்கும். அதில் திருத்தியதைச் சேவ் செய்தால் என் பிரதியில் மட்டும் இருக்கும். பப்ளிஷ் செய்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த மாதம் வரத்து கூடியதால் துறைமுகத்தின் அருகே ஒரு குளிர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அதை மாடலில் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் கிடங்குப் பொறுப்பாளர் பைடிராஜு அங்கே மாற்றி அடுக்கிய முந்நூறு பெட்டிகளும் அறிக்கையில் குறைவு என்று வந்தன. வியாழக்கிழமை மதியம் அவர் என்னிடம் வந்து, "அம்மா, பெட்டியெல்லாம் பத்திரமா இருக்கு. உங்க கம்ப்யூட்டர்தான் தொலைச்சிருக்கு, கொஞ்சம் தேடிக் குடுங்க" என்று சிரித்தார். நான் அந்த அறையைச் சேர்த்துச் சேவ் செய்து பப்ளிஷும் செய்தேன். குறைவு பூஜ்யமானது.

அதன் பிறகு உடன் வேலை பார்க்கும் பார்கவ், காலையிலேயே எடுத்து வைத்திருந்த தன் பிரதியில் நாடுகளின் பெயர் வரிசையை மாற்றிவிட்டு, மாலையில் அதை பப்ளிஷ் செய்திருக்கிறார். மாடலை எடுக்கும்போதும் விடும்போதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவது வழக்கம். அவர் போடவில்லை. ஏற்கெனவே இருப்பதை அழித்து இதை வைக்கவா என்று திரை கேட்டதற்கு, நாங்கள் எல்லாரும் படிக்காமல் அமுக்குவதைப் போலவே அவரும் ஆம் என்று அமுக்கிவிட்டார். என் திருத்தம் போய், பழைய குறைவு திரும்பி வந்தது. கேட்டபோது, "அக்கா, நான் பேரைத்தானே மாத்தினேன், பெட்டியைத் தொடவே இல்லையே" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் சத்தியானந்தம் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நேத்து பூஜ்யம், இன்னைக்கு முந்நூறா? பைடிராஜு திருடிட்டு மறைச்சிருக்கான்" என்றார். நான் விளக்கப் போனேன். "அவனுக்கு நீ என்ன வக்கீலா? கேஸ் முடியற வரைக்கும் மாடல்ல கை வைக்காதே" என்றார். அதன் பிறகு அவர் கொடுத்த புகாரின் பேரில் பைடிராஜுவை வீட்டிலிருந்து போலீஸ் ஜீப்பில் இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். நான் சரிசெய்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்தக் குளிர் அறை எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஒருவரும் போய்க் கதவைத் திறக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்த நானும் போகவில்லை.

இன்று காலை, வேலை போனாலும் போகட்டும் என்று, தங்கள் மேஜை மீதே மடிக்கணினியை வைத்து மீண்டும் திருத்தி பப்ளிஷ் செய்தேன். மேனேஜர் தன் போனில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு என்ன வரும்?" என்று கேட்டார். அதன் பிறகு தாங்கள் எங்கள் எல்லாரையும் குளிர் அறைக்கு அழைத்துப் போய்ப் பெட்டிகளை எண்ணினீர்கள். ஒன்றும் குறையவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் மேனேஜர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, "சத்தமில்லாம ஒரு ஆட்டோவுல அனுப்பிடுங்க சார்" என்றார். பைடிராஜு எழுந்திருக்கவில்லை.

"ஜீப்புல ஏத்தும்போது எங்க தெருவே வாசல்ல நின்னு பார்த்துச்சு சார். என் பொண்ணைக் குடுத்த வீடும் அங்கதான் இருக்கு. அதே ஜீப்புல, வெளிச்சம் இருக்கறப்பவே கொண்டுபோய் விடுங்க. தெருமுனையிலருந்து மெதுவா ஓட்டுங்க. மேனேஜர் சாரும் என் பக்கத்துல உட்காரட்டும்" என்றார்.

மேற்கண்டவை எனக்குத் தெலுங்கில் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை. மேனேஜர் ஜீப்பில் ஏறி பைடிராஜுவின் பக்கத்தில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கொ. ஹைமாவதி