8080: பழி வெள்ளையம்மாளுடையதல்ல

இல்லீங்க, வைரஸ் இல்லை. முன்வரிசையில் கேட்டவருக்குச் சொல்கிறேன். சந்தனமும் இல்லை.

விழாத் தலைமை ஏற்றிருக்கும் என் முதலாளி சென்னியப்பன் அவர்களே, பெற்ற பிள்ளைகளைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தையல் மேசையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழியரே, வணக்கம். மைக்கைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஏற்றுமதியைக் காத்த யாழினி என்று சால்வை போர்த்தினீர்கள். யாரிடமிருந்து காத்தேன்?

நம் சர்வர் கணினி எட்டு மாதம் அணையவில்லை. மின்வெட்டு அணைக்கவில்லை. மழை அணைக்கவில்லை. ஆயுத பூஜை அணைத்தது. பூஜையன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாதே! துப்புரவு பார்க்கும் வெள்ளையம்மாள் துடைத்தார், பொட்டு வைத்தார், மறுநாள் நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டார். ஜெர்மனியில் இருந்தபடி நம் இணையதளத்தில் தம் சரக்கின் விவரம் பார்க்க வந்த வியாபாரிக்கு நம் தொழிலாளரின் பழைய வருகைப்பதிவுப் பக்கம் திறந்தது. மதியத்துக்குள் அவர் ஒப்புதல் தராவிட்டால் கன்டெய்னர் கிளம்பாது.

ஈரத்துணி பட்டுவிட்டது என்றார்கள். சந்தனம் உள்ளே போய்விட்டது என்றார்கள். கம்ப்யூட்டருக்கு நாமமும் போட்டிருக்கலாமே என்று சிரித்தார்கள். வெள்ளையம்மாள் ஒன்றே சொன்னார்.

"பொட்டுத்தான் வெச்சனுங்க சாமி."

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? கேபிளைப் பார்த்தேன். டேட்டாபேஸைப் பார்த்தேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு கணினிக்குப் பல வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதுதான் போர்ட். ஒரு வாசலில் ஒரு புரோகிராம்தான் நிற்கலாம். நெட்ஸ்டாட் கட்டளை கொடுத்து, 8080இல் யார் என்று கேட்டேன். பழைய வருகைப்பதிவு. சுவிட்சைப் போட்டதும் தானே எழுந்து, இடத்தைப் பிடித்திருந்தது. நம் ஆர்டர் புரோகிராம் வெளியே நின்றது. பழையதை 8081க்கு மாற்றினேன். பன்னிரண்டு நிமிடம்.

இரண்டுக்கும் ஒரே எண் என்பது எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். ஆர்டர் புரோகிராமை நிறுவிய அன்று பழையதைக் கையால் நிறுத்திவிட்டு, இனி இது அணையவா போகிறது என்று எழுந்து போனவள் நான். பிழை யாருடையது? என்னுடையது. மௌனம் யாருடையது? அதுவும் என்னுடையது. ஒன்பது நாள் மௌனம்.

உட்காரச் சொல்கிறீர்கள். இதோ, முடிக்கிறேன்.

ஐயா, வெள்ளையம்மாளைத் திரும்ப அழையுங்கள். தலையசைக்கிறீர்கள். வாயால் சொல்லுங்கள் ஐயா. தலையசைவு அவர் ஊரான மங்கலம் வரை போய்ச் சேராது.

"வரச் சொல்லு கண்ணு."

எல்லோரும் கேட்டீர்கள். இவ்வளவு நேரம் பொறுத்த செவிகளுக்கு என் நன்றியும் வணக்கமும்.

மேடையிலிருந்து இறங்கி மங்கலம் பஸ் ஏறினேன். அவர் வீட்டில் இல்லை. பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்பதையும், ஐயா வரச் சொன்னதையும் அங்கே போய்ச் சொன்னேன்.