அரைக்கைச் சட்டை

இல்லீங்க, அவசரப்பட்டு பாவம்னு சொல்லிறாதீங்க. ஊசி போட்டுக்கத்தான் எங்கண்ணன் போனாரு, மருந்து தீந்துபோச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு இப்ப உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அது எங்கண்ணி எனக்குச் சொன்னது. நான் கண்ணால பாக்கல. அந்தக் கதை மேல எனக்கு வருசக்கணக்கா சந்தேகம்ங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் நானே சொல்றேன். சொல்லிட்டு நானே நம்பறதில்ல.

சேலம் வண்டி லேட்டுன்னுதானே மைக்குல சொன்னாங்க? ஒக்காருங்க, ஒக்காருங்க. பைய நான் மடியில வெச்சுக்கறேன். அண்ணி குடுத்த சோறுதான் இருக்குது. வருசாவருசம் அவரு எறந்த நாளுக்கு மாதா கோயில்ல பூசை வெப்போம். அதுக்குத்தான் வந்தேன்.

அவரு பேரு சின்னப்பன். ஊரு இந்தப் பொம்மிடிக்குப் பக்கந்தான். மாடு, கொஞ்சம் மரவள்ளிக்காடு. நான் சேலத்துல ஒரு காலேஜ் ஆபீஸ்ல கிளார்க்கு. கொரோனா ரெண்டாவது தடவ வந்துச்சுல்ல, அப்ப தெனமும் ஃபோன் பண்ணுவேன். வேற பேச்சே கெடையாது. ண்ணா, ஊசி போட்டுக்கிட்டயா? அவ்ளோதான். அதுக்கு அவரு என்ன கேப்பாருங்கறீங்க? நீ போட்டுக்கிட்டயேடா, பாலு கொறைஞ்சுதான்னு கேப்பாரு.

சிரிங்க, பரவால்ல. நானும் அப்ப சிரிச்சேன்.

சும்மா அடம் புடிக்கல அவரு. வூட்டுல ஒரு செவலை மாடு, சினையா இருந்துச்சு. ஊர்ல முகாம் வெச்சு கோமாரி ஊசி போட்டாங்க. கொஞ்ச நாள்ல மாடு மாசம் முடியறதுக்குள்ளயே கன்னு வீசிருச்சு. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு மாட்டு டாக்டரு எவ்ளோ சொல்லியும் கேக்கல. கயித்தப் புடிச்சு நிறுத்துனது இவருல்ல? நாந்தான புடிச்சுக் குடுத்தேன், நாந்தான புடிச்சுக் குடுத்தேன்னு அந்த மாட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு.

நான் வுடல. அவருக்கு சக்கர வேற. பயந்து பயந்து சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன். கடைசியில, நீ போட்டுக்கலைன்னா இனிமே எங்கூடப் பேசாதன்னு சொல்லி ஃபோன வெச்சுட்டேன்.

அப்பறம் அண்ணிதான் கூப்புட்டாங்க. காய்ச்சல்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து பொட்டலமாத்தான் குடுத்தாங்க. குழிகிட்ட தள்ளி நின்னு பாத்தோம். எனக்கு அழுகை வரலீங்க. இன்னைக்கு வரைக்கும் வரல. ஏன்னு எனக்கே தெரியல.

அன்னைக்குத்தான் அண்ணி மொதல்ல சொன்னாங்க. தம்பி, அவரு உங்க பேச்சத் தட்டலைங்க, பள்ளிக்கூடத்துல ஊசி போடறாங்கன்னு கேட்டுப் போனாரு, மருந்து தீந்துருச்சு, வந்துட்டாரு. அவ்ளோதான் சொன்னாங்க. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னதுதான், வேற என்ன?

மொத வருசப் பூசைக்கு வந்தேன். அந்தக் கதையில ஒரு சட்டை சேந்துருச்சு. கிறிஸ்துமசுக்கு நான் எடுத்துக் குடுத்த அரைக்கைச் சட்டை. எங்கண்ணன் எப்பவும் முழுக்கைதாங்க. மாடு குத்துன தழும்பு கையில பெருசா இருக்கும், யாருக்கும் காட்ட மாட்டாரு. அண்ணி சொல்றாங்க, ஊசிக்குக் கையக் காட்டணுமில்ல தம்பி, அதான் நீங்க எடுத்ததப் போட்டுக்கிட்டாரு.

அதுக்கு அடுத்த வருசம், பக்கத்து வூட்டுக் காளியப்பன்கிட்ட பால் கறக்கச் சொல்லிட்டுப் போனாருன்னாங்க. நான் காளியப்பனையே கேட்டேன். ஏஞ்சாமி, அந்தச் செவலை மாடு அவரு கையத் தவுத்து யாரு தொட்டாலும் ஒதைக்கும், நான் கிட்டப் போயிருந்தா எனக்குல்ல மொதப் பூசை வெச்சிருப்பீங்கங்கறான். அப்பறம் அவனே மாத்திக்கிட்டான். கறந்தேனோ என்னமோங்க, அந்த மாசம் எது நடந்துச்சு எது நடக்கலன்னே எனக்குத் தெரியலன்னான். அவங்கிட்ட கேட்டும் என் சந்தேகம் தீரல.

இன்னைக்கு இன்னொன்னு. வரிசை ரொம்ப நீளமாம். ஆள் மேல ஆள் ஒரசிக்கிட்டு நின்னாங்களாம். இவருக்குப் பின்னால ஒரு பொம்பள இருமிக்கிட்டே இருந்துச்சாம். பாவம், நீ முன்னால போம்மான்னு தன் எடத்தக் குடுத்துட்டு இவரு பின்னால போய் நின்னாராம். அதுல நேரமாயிதான் மருந்து தீந்துபோச்சாம். எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்க தம்பின்னு எலையில கொழம்பு ஊத்திக்கிட்டே சொல்றாங்க.

நான் பாதியிலயே எலைய மூடிட்டேங்க.

இல்ல, நீங்க நெனைக்கறது இல்ல. ஊசிய நான் தப்பு சொல்ல மாட்டேன். எங்க வூட்டுல எல்லாத்தையும் நாந்தான் கூட்டிட்டுப் போயிப் போட வெச்சேன். நீங்க கேட்டாலும் போட்டுக்கங்கன்னுதான் சொல்லுவேன். நான் நெனைக்கறது வேற. அவரு ஊசிக்குப் போனதாச் சொல்ற வாரம் சந்தை கெடையாது. கோயிலு பூட்டிக் கெடந்துச்சு. பால் வண்டிகூட வாசலுக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. காட்டையும் கொட்டாயையும் வுட்டு எங்கண்ணன் எங்கயும் போகல. அண்ணி சொல்றது நெசம்னா, போனது அந்த வரிசைக்கு மட்டுந்தாங்க. அந்த வாரமே காய்ச்சல்.

நான் இப்படி நெனைக்கறது அண்ணிக்குத் தெரியாது. அவங்க எனக்கு நல்லதுதான் பண்றாங்க, ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமா.

அந்தச் சட்டையக் காட்டுங்கன்னு கேட்டிருக்கலாம். கடையில குத்துன குண்டூசி இன்னும் அப்படியே இருக்குதான்னு பாத்தா தெரிஞ்சிரும். சட்டை வெச்சிருக்கற பொட்டி அவரு ரூம்லதான் இருக்குது. கேக்கலீங்க. குண்டூசி இருந்துட்டா சந்தோசம், அவரு அதப் போடவே இல்லைன்னு ஆயிரும். இல்லாமப் போயிட்டா?

மணியடிக்கறாங்க, நம்ம வண்டிதான். எந்திரிங்க, பொறுமையா ஏறலாம், இங்க நின்னுதான் போகும்.

கெளம்பறப்ப, இந்தப் பையக் கையில குடுத்தாங்க பாருங்க, அப்ப கேட்டுட்டேன். அண்ணி, அவரு என் பேச்சக் கேக்கவே இல்லைன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொல்லுவீங்களா?