நிர்மலா நிறுத்திய வெட்டு

இந்த நினைவுக் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும், நம் மரங்களை வாங்கும் நிறுவனத்தின் மேலாளர் சுரேந்தர் அவர்களே, நிர்மலாவின் கணவர் திருமலை அவர்களே, பேரிகை தைல மர வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர்களே, மரம் வெட்டும் தோழர்களே, வணக்கம்.

முதலில் என்னைப் பற்றிய ஒரு பேச்சைத் திருத்திவிடுகிறேன். என் தோட்டத்து வெட்டை நிர்மலா நிறுத்தியதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சே இல்லாமல் போனது என்று சிலர் சொல்லி வருகிறார்கள். தவறு. நின்றது வெட்டு; பேச்சு நிற்கவில்லை. சங்கத் தலைவியான என் தோட்டத்து வெட்டையே நிறுத்தத் துணிந்தவரோடு பேசாமல் வேறு யாரோடு நான் பேசுவது?

நடந்தது இதுதான். ஓடைக் கரை மரங்களை வெட்டக் கூடாது என்பது விதி. அவை போனால் மண் சரியும். கீழே ஏரியில் சேறு நிறையும். ஏரியை நம்பிய கிணறுகள் கெடும். அதனால் என் தோட்டத்தில் விட்டுவைக்க வேண்டிய மரங்களுக்கெல்லாம் நிறுவனத்தின் கண்காணிப்பு அலுவலரான நிர்மலா சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால், சுண்ணாம்பு அடித்த மரங்கள்தான் முதலில் விழுந்து கிடந்தன!

இதோ, முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரி முனிராஜ் அன்று சொன்னார்:

"வெள்ள வெச்சா வெட்டுன்னுதானே மேடம்? ஊத்தங்கரைப் பக்கம் எந்த யாபாரிய வேணா கேளுங்க. மரத்த வெல பேசுனதும் சுண்ணாம்புதான் அடிப்பாங்க."

"அப்ப தப்பு என்மேலன்னு சொல்றீங்களாண்ணா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லுவனா? சுண்ணாம்பு மேல!"

நிர்மலா சிரித்தார். சிரித்துக்கொண்டே வெட்டை நிறுத்தினார்! அறிக்கையின் முதல் வரியில் தன் தவறை எழுதினார்; அடுத்த வரியில் என் தோட்டத்தின் பெயரை எழுதினார். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது: "தலைவரம்மா தோட்டத்த மட்டும் விட்டுடுங்க மேடம்."

"ஏன், அவங்க ஓடை மட்டும் வேற ஏரிக்கா போவுது?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு வெட்டுக் குழுவிடமும் போனார். மாலூரிலிருந்து வருபவர்களிடம் கன்னடத்தில் விசாரித்தார். யாரும் வேறுவிதமாக எடுத்துக்கொள்ள முடியாதபடி, கரை நெடுக வைக்கோல் பிரியை எல்லைக் கயிறாகக் கட்டும் முறையை எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுவந்தார். பெரிய எஸ்டேட்டுக்கு ஒரு கண், அரை ஏக்கர்க்காரருக்கு இன்னொரு கண் என்று அவருக்கு இருந்ததா? இல்லை! மழைக்கு முன்பும் போனார், மழைக்குப் பின்பும் போனார். சொல்லிவிட்டும் போனார், சொல்லாமலும் போனார். அப்படிப்பட்டவரை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அவர் போன மறுவாரமே நிறுவனம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறது: இனி வெட்டும் ஒப்பந்தக்காரரே தன் வெட்டைத் தானே சோதித்துக் கையெழுத்துப் போடலாமாம்! பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதா? மழை விட்டதும் ஏரிக்கு மேலே உள்ள சரிவில் வெட்டு தொடங்கவிருக்கிறது. அங்கே யார் போய்ப் பார்ப்பார்?

நேற்று சங்கம் கூடி ஒருமனதாக முடிவெடுத்தது. தனி அலுவலர் ஒருவர் வந்து பார்க்காத ஓடைக் கரையில் எங்கள் உறுப்பினர் எவரும் வெட்டு வைக்க மாட்டார். நிர்மலாவுக்கு நாங்கள் செய்யும் மரியாதை இது. இதை எங்களால் செய்ய முடியும், செய்வோம்.

மேலாளர் அவர்களே, அவருடைய இடத்தில் யாரை, எப்போது நியமிக்கப் போகிறீர்கள்? எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே சோதனை தொடருமா? இந்த மேடையில் பதில் சொல்ல வேண்டாம். சரிவில் வெட்டு தொடங்கும் முன், உங்கள் கையெழுத்துடன், எழுத்து மூலமாகச் சங்க முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.