ரெண்டு மூட்டை யூரியா

மர்சூக்: எழுது. "என்ட கடைக்குப் பின்னால ஈந்த விறகுக் கொட்டில்ல..." என்ன யோகேஸ்வரன், பேனா நிக்கிது?

யோகேஸ்வரன்: சிங்களத்துல யோசிச்சுத்தான நானா எழுதணும். தேயிலைத் தோட்டத்துக்கே பெட்டிசம் எழுதுறவன்தான்... அதுக்குன்னு இப்புடி அவசரப்படுத்துனா?

மர்சூக்: ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல இருந்து அவசரப்படாமத்தானே ஈந்தேன். புதுச் சட்டம் வர முந்தி இந்த வாக்குமூலத்தக் குடுத்து வழக்க முடிச்சிரோணும் எண்டு லோயர் சொல்றார்.

யோகேஸ்வரன்: பயங்கரவாதச் சட்டத்தத்தான் எடுக்கப் போறாங்களே...

மர்சூக்: எடுத்துட்டு வேற பேர்ல வைக்கிறாங்க. என்னைய விசாரிச்ச பொலிஸ் பிரிவையும் கலச்சி வேற அமைச்சுக்குக் கீழ போட்டாச்சாம். என்ட ஃபைல் எங்க எண்டு அவங்களுக்கே தெரியா. ஆனா பெயில்ல வந்த நான் மாசக் கடைசி ஞாயிறு போய்க் கையெழுத்து வைக்கோணும்... அத மட்டும் மறக்க மாட்டாங்க.

யோகேஸ்வரன்: சிரிக்காதீங்க நானா.

மர்சூக்: வேற என்ன செய்ய? மகள் அஸீலாக்கு வந்த மூணாவது சம்பந்தமும் போச்சி. வாப்பா மேல குண்டுக் கேஸ் ஈக்கி எண்டா யாரு கட்டுவா? எழுது. "ஆமிக்காரங்க ரெண்டு மூட்டை யூரியா எடுத்தாங்க."

யோகேஸ்வரன்: ...எழுதிட்டேன்.

மர்சூக்: "சாக்குல ஈந்த தோட்டத்து முத்திரைய யாரோ சுரண்டி ஈந்தாங்க." அதுதானே வெனை. முத்திரை ஈந்தா களவு உரம் எண்டு போயிருக்கும். சர்ச்சுல குண்டு வெடிச்சி ஒரு கிழமை... முஸ்லிம் கடையில சுரண்டின சாக்கு. குண்டு செய்யத்தான் எண்டு சொல்லாம விடுவாங்களா?

யோகேஸ்வரன்: கொஞ்சம் இருங்க... நம்ம லோஜன் மாஸ்டர்கிட்ட குடுத்துருவமா? நல்ல சிங்களம் அவருக்கு.

மர்சூக்: மாஸ்டர் வேணாம். நீ எழுது.

யோகேஸ்வரன்: எனக்கு வெக்கமா இருக்கு நானா. நீங்க உள்ள இருந்த பதினோரு மாசம்... ஒரு நாள்கூட வந்து பாக்கல. ஒங்க வீட்டம்மாவ பஸ்ஸுல பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

மர்சூக்: ஹவ்வா சொன்னா.

யோகேஸ்வரன்: நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே...

மர்சூக்: அடுத்த வரிக்கு வா. "அத வச்ச ஆள் யாரெண்டா..."

யோகேஸ்வரன்: ...வச்சவன் பயந்திருப்பான் நானா. தோட்டத்து உரத்தத் திருடுனான்னு தெரிஞ்சா வேல போயிரும். தோட்டம் குடுத்த லயத்து வீட்ட விட்டும் எறக்கிருவாங்க. புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவான்?

மர்சூக்: போக எடம் இல்லதான்.

யோகேஸ்வரன்: மறுநாளே எடுத்துரலாம்னு நெனச்சிருப்பான். அதுக்குள்ள ஆமி வரும்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?

மர்சூக்: தெரியாதுதான்.

யோகேஸ்வரன்: அப்ப... அந்த எடத்துல என்னன்னு போட?

மர்சூக்: ஹவ்வா அண்டைக்கே ஜன்னலால பாத்துட்டா. உள்ள வச்சி அடிச்சி அடிச்சிக் கேட்டாங்க, நான் வாய் தொறக்கல்ல. தமிழனையும் இதே சட்டத்துலதானே அள்ளுவாங்க... ஒன்ட புள்ளைகளுக்கு அது வேணாம் எண்டு ஈந்துட்டேன். இப்ப ஒன்ட பேர நீயே எழுது.