டொக்டர் யசோதினி அன்ட்ரூவுக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வைத்தியசாலைப் பணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் தங்கை யசோதினியை இழந்து அமர்ந்திருக்கும் வில்பிரட் ஆசிரியர் அவர்களே, தாதியரே, சிற்றூழியரே, கம்பளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நோயாளர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் மர்சூக். சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியன். எங்கள் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், டொக்டர் யசோதினி அன்ட்ரூ, மேசையின் நடுவில் நிற்பார். நான் நோயாளியின் தலைமாட்டில் நிற்பேன். எங்கள் இருவருக்கும் பழக்கம் அப்படித்தான். இன்று அவரைப் பற்றிப் பேச என்னை நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். இந்த இடம் எனக்குப் பழக்கமில்லை. பழகவும் விரும்பவில்லை.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றால் என்ன? மூக்கை நிமிர்த்துவதா? பணக்காரரின் முகச்சுருக்கத்தை இழுத்துவிடுவதா? அப்படி நினைப்பவர்கள் அபீபாவைப் பார்த்திருக்க வேண்டும். வத்தேகமவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண். கொதித்த எண்ணெய் கழுத்தில் கொட்டியது. காயம் ஆறியபோது தோல் சுருங்கி, நாடி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. வாயை மூட முடியவில்லை. விழுங்குவதில் பாதி வெளியே வழிந்தது. கடைக்கு வருபவர்களின் செருப்பைத் தவிர அவருக்கு எதுவும் தெரியவில்லை.

அப்படி வளைந்த கழுத்துக்குள் சுவாசக் குழாயை இறக்குவது எவ்வளவு பயங்கரமான வேலை என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் குழாயை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததை டொக்டர் யசோதினி கண்டார்.

"நானா, அவசரமில்ல. நீங்க மூச்ச பாத்துக்குங்க, கழுத்த நான் பாத்துக்குறேன்," என்றார்.

அவர் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். புசல்லாவைத் தோட்டத்துக் கிளார்க்கரின் மகள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவது மாதிரியே நானா என்பார். அன்று அந்தக் கழுத்தை விடுவித்தார். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார். கட்டுப் பிரித்த பிறகு அபீபா சொன்ன முதல் வார்த்தை, "டொக்டர், இனி நான் பிளேன்டீய சிந்தாமக் குடிப்பேன்." அவ்வளவுதான்! அதற்காகத்தான் அந்தப் படிப்பெல்லாம்!

எத்தனை படிப்பு என்று இந்தச் சபை அறிய வேண்டும். ஏனென்றால், "ஏன் இன்னொருவரைப் போடக் கூடாது?" என்று இன்று காலையும் ஒருவர் என்னிடம் கேட்டார். எங்கிருந்து போடுவது? மருத்துவப் பட்டம் முடித்து, உள்ளகப் பயிற்சி முடித்து, பொதுச் சத்திரசிகிச்சையில் வருடக்கணக்காகப் பயிற்சி பெற்று, கடினமான பரீட்சை எழுதி, அதன் பிறகுதான் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்குள் காலடி வைக்கலாம். மறுபடியும் வருடங்கள். கடைசியில் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தால்தான் நிபுணர் என்ற சான்று கையில் கிடைக்கும். இந்தியாவில் சத்திரசிகிச்சைப் பட்டத்துக்கு மேல் இன்னொரு பெரிய பட்டம். இங்கிலாந்தில் நீண்ட பயிற்சியும் பரீட்சையும் முடித்துப் பெயர் நிபுணர் பதிவேட்டில் ஏற வேண்டும். அவுஸ்திரேலியாவில் அவர்களுடைய கல்லூரி ஏற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்குப் போனால், எங்கே படித்திருந்தாலும் பெரும்பாலும் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கதவு. ஒரு கதவின் சாவி இன்னொன்றைத் திறக்காது.

டொக்டர் யசோதினி இங்கிலாந்தில் பயிற்சி பெற்றார். அங்குள்ள தலைமை நிபுணர் அவரை அங்கேயே நிற்கச் சொல்லிக் கெஞ்சினாராம். ஆனால் நின்றிருந்தால் இவ்வளவு காலம் செய்ததையெல்லாம் முதலிலிருந்து நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்லிச் சிரிப்பார்: "அதே கைதான் நானா. ஆனா கடல் தாண்டினதும் அது மாணவியோட கை ஆகிடுது." அதற்காக மட்டும் அவர் திரும்பவில்லை. அவருடைய திறமைக்கு அந்தக் கதவையும் திறந்திருப்பார். திரும்பினார், ஏனென்றால் இந்த மலைப் பக்கத்தில் வெந்து போனவர்களுக்கு வேறு ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தெரிந்து திரும்பினார். அதற்கு இந்த நாடு அவருக்கு என்ன கொடுத்தது?

பெற்றோலும் மருந்தும் இல்லாத அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தையல் நூல் இல்லை. கட்டுத் துணி இல்லை. வைத்தியர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, டொக்டர் ஹுதைபா. கம்பளைக்காரர். டொக்டர் யசோதினி தன் கையால் உருவாக்கியவர். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவர் போகும் நாள் வந்தது. போனார். திரும்பவில்லை.

நான் கோபப்பட்டேன். தேநீர் அறையில் கண்டபடி பேசினேன். டொக்டர் யசோதினி என்னைத் தடுத்தார்.

"அவன ஏசாதீங்க நானா. அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. பால்மா வாங்க கியூவுல நின்னவன் அவன்."

அதன் பிறகு இந்தப் பகுதிக்கு அவர் ஒருவரே. வாட்டுக்கும் அவர், கிளினிக்குக்கும் அவர், விடுமுறை நாளுக்கும் அவர். அந்த நிலையில்தான் தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

என்னிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. காரணம் எதுவும் எழுதாமல் விடுமுறை கேட்டார். பதில் வந்தது: "பதில் ஆள் கிடைத்ததும் அனுமதிக்கப்படும்." அவர் காத்திருந்தார். மறுபடி கேட்டார். அதே பதில். காத்திருக்கும்போதெல்லாம் யாருக்கோ தோல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்! சபையோரே, ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் தன் உடம்பில் கத்தி வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே அடுத்தவர் உடம்பில் கத்தி வைத்துக்கொண்டு நின்றார். நான் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது.

தெரிந்த அன்று நான் கத்தினேன். "தங்கச்சி, நீங்களும் டொக்டர்தானே? இத விட்டுட்டு இருப்பாங்களா?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வாட்டுல பதினோரு பேர் கெடக்குறாங்க நானா. நான் போனா அவங்கள யாரு பாக்குறது? நீங்க பாப்பீங்களா?"

 

அவர் கடைசியில் சிகிச்சைக்குப் போனபோது நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. படுக்கையிலிருந்து ஹுதைபாவுக்குத் தொலைபேசி எடுத்தார் என்று வில்பிரட் ஆசிரியர் சொன்னார். வா என்று கேட்கவில்லையாம். எப்படி இருக்கிறாய், பரீட்சை எப்படி என்று கேட்டாராம்.

டொக்டர் ஹுதைபா வந்திருக்கிறார். அதோ, பின்வரிசையில் தலை குனிந்து இருக்கிறார். அடக்கம் முடிந்த பிறகுதான் அவரால் வந்து சேர முடிந்தது. நேற்று அவரிடம் கேட்டேன், "மகன், இனி நீங்க இங்கயே நிண்டுக்க ஏலாதா?" அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு உங்களுக்குச் சொல்கிறேன்.

"திரும்பி வராததால இங்க எனக்கு நிபுணர் சான்று தரல்ல சேர். அங்க பரீட்சை இன்னும் பாஸாகல்ல. ரெண்டு நாட்டிலயும் நான் பாதி டொக்டர்தான். யாருக்கு நான் உதவுவேன்?"

நான் யாரைக் குற்றம் சொல்வேன்? இவரையா? வருடக்கணக்காகச் செதுக்கி எடுத்த ஒரு கையை இங்கும் பயன்படாமல், அங்கும் பயன்படாமல் நடுக்கடலில் விட்டிருக்கிறோமே, அதையா? சான்று கடுமையாக இருக்கத்தான் வேண்டும். அரைகுறை ஆளிடம் யாரும் தன் முகத்தைக் கொடுக்க மாட்டார். டொக்டர் யசோதினியும் அதில் ஒரு நூலளவும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் அத்தனை கடுமையாக ஒருவரை உருவாக்கிவிட்டு, அவருக்கு ஒரு விடுமுறை கொடுக்க வழியில்லாமல் சாகவிடுவது என்ன நியாயம்?

இப்படியான கூட்டங்களில், அவர் விட்ட பணியை நாம் தொடர்வோம் என்று சூளுரைத்து முடிப்பார்கள். அந்த வார்த்தை என் வாயில் வர மறுக்கிறது. யார் தொடர்வது? எங்கள் வாட்டின் கட்டில்கள் போன வாரம் வேறு பிரிவுக்குப் போய்விட்டன. தீக்காயக்காரர்களை அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்புகிறோம். வழியில் மூச்சுத் திணறி இறந்தவரும் உண்டு.

இந்த மண்டப வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தினார். பெயர் லிண்டா. தோட்டத் தொழிலாளி. நெருப்பில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவர். டொக்டர் யசோதினி இரண்டு விரல்களைப் பிரித்துவிட்டார். மற்றவற்றை அடுத்த முறை என்று சொல்லியிருந்தார். "மத்த வெரல எப்ப சேர் பிரிப்பாங்க?" என்று கேட்டார். அங்கே அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இப்போது எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்.

லிண்டா, எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. விரலைப் பிரிக்கத் தெரியாது. தெரிந்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஒரு மனிதரின் மூச்சைக் காப்பது மட்டும்தான். இனி இங்கிருந்து கொழும்புக்குப் போகும் தீக்காய நோயாளி எவரும் தனியாகப் போக மாட்டார். என் கடமை நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த வண்டியில் இருப்பேன். அதற்கும் அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் ஏறுவேன்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுங்கள், லிண்டா. கொழும்பில் உங்களை யார் ஏற்பார்கள், எவ்வளவு காலம் காக்க வைப்பார்கள், எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன்.