லீவா, கேன்சலா

துபாய் ஜெபல் அலியில் வேலை முடிந்து கேம்புக்குத் திரும்பும் பஸ். என் முன்சீட்டில் தைலம் மணக்கும் தோளோடு ஒருவர். பக்கத்தில் அவருடைய ஊர்க்காரர். தைலக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

“படிச்ச காலேஜுல வாலிபால் கோச்சா வரச் சொல்லுதாவ. கூப்பிடுறது என்னைய இல்ல மாப்ள. அங்க பழைய போட்டோவுல கப்போட நிக்கானே, அந்தப் பயல.”

“கோச்சு குதிக்கவா போறான்? விசில் ஊதுனா போதும்லா. அப்போ விசாவ கேன்சல் பண்ணிட்டுப் போறியா மச்சான்?”

“லீவுதான் கேட்டிருக்கேன்.”

“லீவுல போயி எவன் வேலையில சேருவான்?”

பஸ் திரும்பியது; நின்றிருந்த களைப்பெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

“சாயங்காலம் கிரவுண்டுல சும்மா போயி நிப்பேன். பந்து வெளிய வந்தா எடுத்துப் போடுவேன். பயலுவ ‘தேங்க்ஸ் அங்கிள்’னு சொல்லிட்டானுவன்னா, லீவு முடியுமுன்னயே இங்க வந்துருவேன்.”