சாவி தீர்ந்த நாட்டுப்பண்

“எங்க பெட்டியில நாயனம் வெச்சா, ரோட்டுல போறவங்ககூட செருப்பைக் கழட்டிட்டு நின்னு கேக்குறாங்க, அக்கா.”

காஜா பேராங் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்ததுமே இது காதில் விழுந்தது. சொன்னவர் இளையவர்; அவர் வீட்டுக்குப் புதிதாகக் கரண்டுப் பாட்டுப்பெட்டி வந்திருந்தது. மூத்தவர் வீட்டில் இருப்பதோ சாவி கொடுக்கும் கிராமபோன். பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்றே பேசினார்கள்.

“நாயனத்துக்கு எங்க பெட்டிதான். அந்தக் குழாய்ச் சத்தம் தெங்கேரா வரைக்கும் கேக்கும்.”

“மலாய் ஜோகெட் ஆட்டப்பாட்டு போட்டுப் பாருங்க. எங்களுதுல மேளம் தரையில அதிரும். உங்களுதுல தகர டப்பா சத்தம்லா.”

“இருக்கட்டும். மெர்டேக்கா, நாடு சுதந்திரம் வாங்குன அன்னிக்கு, எங்க வாசல்லதான் நாட்டுப்பண் வெச்சோம். மலாய்க்காரவங்க, சீனவங்க, நம்மாளுங்க, எல்லாரும் விறைப்பா நின்னாங்க.”

“அப்புறம்?”

“முன்னால நாயனம் ஓடுனதுல சாவி தீர்ந்திருந்துச்சு. பாட்டு இழுத்து இழுத்துப் பாதியில நின்னுபோச்சு.”

இளையவர் சிரித்துவிட்டார். “ஓடிப்போயி சாவி கொடுக்க வேண்டியதுதானே?”

“நாட்டுப்பண்ணுக்கு நிக்கிறப்ப எப்படி நகர்றது? ஒருத்தரும் அசையல.”

“ஐயோ, அப்படியேவா நின்னீங்க?”

“மீதியை நாங்களே பாடினோம். பாதிப் பேருக்கு வரி தெரியாது. ஆனா யாரும் நிறுத்தல.”

இளையவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“அந்தப் பாட்டு உன் கரண்டுப் பெட்டியில வராது, தங்கச்சி.”